இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு எந்த வகை விளையாட்டுத் திட்டம்? ஐந்து வழிகளை எடை போட்டுப் பார்த்தால்

போரும் வன்முறையும் விரட்டி, வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நாலு பேர் கூடினால், அரை மணி நேரத்துக்குள் ஒருவர் "ஒரு ஃபுட்பால் டீம் ஆரம்பிக்கலாமே" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். பந்து மலிவு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், படம் எடுத்தால் நன்றாக இருக்கும், நன்கொடை தருபவருக்கு நீட்டி விளக்க வேண்டியதும் இல்லை. ஆனால் விளையாட்டுத் திட்டம் என்ற பெயரில் நடப்பவை குறைந்தது ஐந்து வகை. ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, தேவைப்படும் ஆள் வேறு, பலன் பெறும் பிள்ளையும் வேறு. சிலவற்றில் கெடுதலும் உண்டு. கொஞ்சம் பணம், ஏழெட்டு ஆட்கள், ஒரு வருட அவகாசம் என்று இருக்கும் சிறு குழு இவற்றில் எதில் இறங்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

எந்தத் தேவைக்காக என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி 2024 இறுதியில் உலகம் முழுவதும் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்தவர்கள் 12.32 கோடிப் பேர். அவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் 18 வயது நிரம்பாதவர்கள். இத்தனை பிள்ளைகளும் மனம் உடைந்து சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்கினால் திட்டமே திசை மாறிவிடும். மோதல் நடந்த பகுதிகளில் வாழ்பவர்களில் 22 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கும் என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு. அது பெரிய எண்தான். ஆனாலும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு நோய் இல்லை. இருப்பது பயமும் சலிப்பும் தூக்கமின்மையும், நாளை என்ன ஆகும் என்று தெரியாத நிலையும். அவர்களுக்குத் தேவை மருத்துவர் அல்ல, ஒழுங்காக நடக்கும் அன்றாட வாழ்க்கை.

ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட நெருக்கடிக்கால உளநல வழிகாட்டி, உதவிகளை நாலு அடுக்கு பிரமிடாக வரைகிறது. அடியில் உணவு, நீர், பாதுகாப்பு. அடுத்து குடும்பமும் சமூகமும் தரும் ஆதரவு. மூன்றாவதில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் தரும் குறிப்பான உதவி. உச்சியில் மருத்துவர்கள். விளையாட்டின் இடம் நடுவில் உள்ள இரண்டு அடுக்குகள். அடி அடுக்கு இல்லாத இடத்தில் அது நிற்காது. குடிக்கத் தண்ணீர் வரிசையில் நிற்கும் முகாமில் வெயில் நேரத்தில் பிள்ளைகளை ஓடவிடுவது உதவி ஆகாது. கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று தெரியாத வெட்டவெளியில் கோல் போஸ்ட் நடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, ஐந்து வழிகளுக்கு வருவோம்.

திறந்த மைதானம்

ஒரு இடத்தைச் சுத்தம் செய்து, பந்து, கயிறு, வலை எல்லாம் வைத்து, வருகிறவர்கள் விளையாடட்டும் என்று விடுவது. செலவு குறைவு, நாளைக்கே தொடங்கலாம். யாரும் யாரையும் எதற்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. வரிசை, அட்டை, கையொப்பம் என்று எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்மானிக்கும் இடத்தில், தன் ஆட்டத்தைத் தானே தீர்மானிக்கும் ஒரு மணி நேரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. உடல்நலக் கோணத்திலும் இதை விட்டுவிட முடியாது. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நல்ல உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. வாரம் இரண்டு வகுப்பு நடத்தும் எந்தத் திட்டமும் அந்த அளவை எட்டாது. தினமும் திறந்திருக்கும் இடம் எட்டும்.

சிக்கல் இரண்டு. முதலாவது இடம். மனிதாபிமான உதவிக்கான ஸ்ஃபியர் கையேடு, முகாம் அமைக்கும்போது பொது இடங்களையும் சேர்த்து ஒரு ஆளுக்கு 45 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட முழு அளவு கால்பந்து மைதானம் 7,140 சதுர மீட்டர். அதாவது சுமார் 158 பேருக்கான இடம். முகாம் நிர்வாகி உதட்டைப் பிதுக்கினால் அதில் நியாயம் இருக்கிறது. வாலிபால் கோர்ட் 18-க்கு 9 மீட்டர், வெறும் 162 சதுர மீட்டர். சுற்றிலும் ஓட இடம் விட்டாலும் ஒரு மூலையில் அடங்கிவிடும். விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, மைதானத்தை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது. மேற்பார்வை இல்லாத மைதானம் சீக்கிரமே பதினாறு, பதினேழு வயதுப் பையன்களுடையது ஆகிவிடும். சின்னப் பிள்ளைகள் ஓரத்துக்குப் போவார்கள். பெண் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். ஊன்றுகோலோடு நடக்கும் பிள்ளையை யாரும் கூப்பிட மாட்டார்கள். எல்லோருக்கும் திறந்தது என்று பலகை வைத்தாலும் கணக்கில் வருவது ஒரே கூட்டம்தான். இதற்கு மாற்று கடினமானது இல்லை. நேரத்தைப் பிரித்துக் கொடுத்து, அந்த நேரத்தில் ஒரு பெரியவர் அங்கே நின்றால் பாதி சரியாகும். ஆனால் அப்படி ஒருவர் தினமும் நிற்க வேண்டும் என்றவுடன் 'செலவே இல்லாத வழி' என்ற கவர்ச்சி போய்விடுகிறது.

கல்லும் முள்ளும் நிறைந்த மண்ணில் சாதாரணப் பந்து சில வாரங்கூட உழைக்காது. காற்று அடிக்கத் தேவையில்லாத நுரைப் பந்துகள் 2010 முதல் கிடைக்கின்றன. உதைக்கக் கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் முள் குத்தினாலும் உயிரோடு இருக்கும்.

அணிகளும் லீக்கும்

இதைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். ஜெர்சி, பெயர், அட்டவணை, கோப்பை. அதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முகாமில் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும். அங்கே சனிக்கிழமை மேட்ச் என்பது வாரத்துக்கு ஒரு உருவத்தைக் கொடுத்துவிடும். "நான் இந்த அணியின் லெஃப்ட் பேக்" என்று சொல்லிக்கொள்ளும் பையனுக்கு 'அகதி' என்பதைத் தவிர இன்னொரு அடையாளம் கிடைக்கிறது. பதினைந்து வயதைத் தாண்டியவர்களைக் கைதட்டி ஆடும் வட்ட விளையாட்டுகளுக்குக் கூப்பிட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மேட்ச் என்றால் வருவார்கள்.

ஆனால் உகாண்டாவின் குலு நகரில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது. நீண்ட உள்நாட்டுப் போர் ஓய்ந்த பகுதி அது. அங்கே வளரிளம் பருவத்தினருக்காக 11 வாரக் கால்பந்து லீக் ஒன்று நடந்தது. சேர விரும்பியவர்களில் குலுக்கல் முறையில் சிலரைச் சேர்த்து, மற்றவர்களைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்து ஒப்பிட்டார்கள். 2014-ல் முடிவு வெளியானது. லீக்கில் விளையாடிய பையன்களிடம் மனச்சோர்வு, பதற்றத்தின் அறிகுறிகள் மற்றவர்களைவிட மோசமாக இருந்தன. விளையாடினால் மனம் லேசாகும் என்று நம்பி நடத்திய ஒன்றின் முடிவு இது.

ஒரே ஒரு ஆய்வை வைத்து லீக் எல்லாம் கெடுதல் என்று தீர்ப்பு எழுத நான் தயாரில்லை. ஆனால் இது எனக்கு வியப்பாகவும் இல்லை. போட்டி என்றாலே தோற்பவர் உண்டு. பதினோரு பேர் ஆடும்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் உண்டு. "நீ வேண்டாம்" என்று ஏற்கெனவே ஒருமுறை ஊரே சொல்லி அனுப்பிவிட்ட பிள்ளை, அணித் தேர்விலும் அதையே கேட்கிறது. அம்மாவும் அப்பாவும் ஓரத்தில் நின்று கத்துவார்கள். இனவாரியாகவோ ஊர்வாரியாகவோ அணி பிரிந்துவிட்டால் பழைய சண்டைக்குப் புது ஜெர்சி மாட்டிவிட்ட கதை ஆகிவிடும்.

அணிகளைக் கலந்து அமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இராக்கிலிருந்து நல்ல சான்று இருக்கிறது. ஐ.எஸ். அமைப்பால் விரட்டப்பட்ட கிறிஸ்தவ ஆண்களின் அமெச்சூர் கால்பந்து அணிகள் சிலவற்றில் குலுக்கல் முறையில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார்கள். மற்றவை முழுக்கக் கிறிஸ்தவ அணிகளாகவே ஆடின. 2020-ல் சயன்ஸ் இதழில் வந்த முடிவின்படி, கலப்பு அணியில் ஆடியவர்கள் எதிரணி முஸ்லிம் வீரருக்கு நன்னடத்தைப் பரிசுக்காக வாக்களிக்கவும், அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் பதிவு செய்யவும், ஆறு மாதம் கழித்தும் சேர்ந்து பயிற்சி எடுக்கவும் அதிகம் முன்வந்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மோசூல் நகரத்து உணவகத்துக்குப் போவதிலோ, கலந்து பழகும் நிகழ்ச்சிக்கு வருவதிலோ பெரிய மாற்றம் இல்லை. அதாவது மைதானத்துக்குள் கட்டிய நட்பு மைதானத்துக்குள் நிற்கிறது. அதுவும் சின்ன விஷயம் இல்லைதான். 'விளையாட்டு மக்களை இணைக்கும்' என்ற பேனரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இது ஒரு எல்லைக்கோடு. அந்த அணிகளில் ஆடியவர்கள் பெரியவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, லீக் நடத்துவதென்றால் சில விதிகளை முதலிலேயே போட்டுவிட வேண்டும். அணியை ஒருங்கிணைப்பாளர் கலந்து அமைப்பார். ஒவ்வொரு மேட்ச்சிலும் ஒவ்வொருவரும் பாதி நேரமாவது ஆடுவார்கள். தோற்றால் வெளியே போகும் நாக்-அவுட் முறை வேண்டாம். எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முறை. நன்னடத்தைக்கும் புள்ளி. கோப்பையைச் சின்னதாக வாங்குங்கள். பணப் பரிசு வேண்டவே வேண்டாம்.

வழிநடத்தும் குழு விளையாட்டு

ஐந்தில் அதிகம் பேசப்படாதது இது. படம் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. இருபது பிள்ளைகள் வட்டமாக நின்று ஏதோ செய்துகொண்டிருப்பார்கள். வாரம் ஒன்றோ இரண்டோ முறை, அதே இடம், அதே நேரம், அதே இரண்டு பெரியவர்கள். வட்டமாகத் தொடங்கி, வேகமான ஆட்டங்கள், பிறகு கூடிச் செய்ய வேண்டிய ஒன்று, கடைசியில் மூச்சை அடக்கி அமைதியாகும் ஒரு பகுதி, அப்புறம் பழகிப்போன ஒரு முடிவுக் குரல். ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு நோக்கம் இருக்கும்: கோபத்தை நிறுத்திப் பிடிப்பது, உதவி கேட்பது, 'வேண்டாம்' என்று சொல்லப் பழகுவது என்று.

2000-ல் ஒலிம்பிக் ஸ்பீட் ஸ்கேட்டிங் வீரர் யோஹான் ஓலாவ் கோஸ் தொடங்கிய 'ரைட் டு ப்ளே' அமைப்பு ஆட்டத்துக்குப் பிறகு சிறு உரையாடல் வைக்கும். நெதர்லாந்தில் புகலிடம் கேட்டு வந்தவர்களின் மையங்களில் உருவான 'டீம்அப்' முறை நேர் எதிர். பேச்சு ரொம்பக் குறைவு, உடலசைவுதான் எல்லாம். நாலைந்து மொழிகள் கலந்த இடத்தில் டீம்அப் மாதிரியான முறையே எனக்குப் பிடிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்றால் ஆட்டம் செத்துவிடும்.

சான்று என்ன? ஜோர்டானில் 12 முதல் 18 வயது வரையுள்ள சிரிய அகதிப் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து 8 வாரத் திட்டம் ஒன்று நடந்தது. அது வெறும் விளையாட்டு இல்லை. உடற்பயிற்சி, கலை, தொழில்திறன் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும் எதுவாக இருந்தாலும், பயிற்சி பெற்ற பெரியவர்கள் ஒரே மாதிரி அணுகுமுறையில் நடத்தினார்கள். 2018-ல் வெளியான முடிவுகளில், சேராத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் பாதுகாப்பின்மை உணர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. முடியில் படியும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனையும் அளந்தார்கள். அதிலும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு தெரிந்தது. கலை எடுத்தாலும் சரி, உடற்பயிற்சி எடுத்தாலும் சரி, பொதுவாக இருந்தது அந்தப் பெரியவர்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் பாதி இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும்.

இதன் நுணுக்கங்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெடுதல் நுழைவது இவற்றில்தான். விசில் சில பிள்ளைகளை உறையவைக்கும்; கைதட்டலை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். பின்னாலிருந்து வந்து பிடிக்கும் ஆட்டம், கண்ணைக் கட்டும் ஆட்டம், ஒருவரை நடுவில் நிறுத்திப் பந்தால் அடிக்கும் ஆட்டம், 'சுட்டுட்டேன், நீ அவுட்' வகை ஆட்டங்கள் எல்லாவற்றையும் ஆரம்ப மாதங்களில் ஒதுக்கிவிடுங்கள். ஆட வராத பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் பங்கெடுப்புதான், மூன்றாவது வாரம் தானாக எழுந்து வரும். நடந்ததைச் சொல்லச் சொல்லித் தூண்டுவது கூடவே கூடாது. பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், அதைத் தாண்டித் தோண்டாதீர்கள்.

கோச் மருத்துவர் இல்லை. தொடர்ந்து தூங்காத பிள்ளை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, வாரக்கணக்கில் யாரோடும் பேசாத பிள்ளை என்று கண்ணில் பட்டால் யாரிடம் அனுப்புவது என்ற பெயரும் தொலைபேசி எண்ணும் முதல் நாளுக்கு முன்பே சட்டைப் பையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் தயாராகவில்லை என்றால் தொடங்கும் தேதியைத் தள்ளிவையுங்கள்.

இதன் குறைகள்? பதினாறுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். பிள்ளைகள் பாதுகாப்பாக விளையாடவும் கற்கவும் முகாம்களில் நடத்தப்படும் 'குழந்தை நேய இடங்கள்' பற்றி ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் சின்னப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பலன் வளர்ந்த பிள்ளைகளுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. இரண்டாவது, எல்லாமே ஆளைப் பொறுத்தது. நல்ல ஆள் போய்விட்டால் திட்டம் ஆடிப்போகும்.

உள்ளூர் கிளப்பில் சேர்த்துவிடுவது

முகாமில் இல்லாமல் நகரத்தில், வாடகை அறைகளில் சிதறி இருக்கும் குடும்பங்களுக்கு இதுதான் நீண்ட நாள் வழி. மொழி தானாக வரும். தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவன் கிடைப்பான். கிளப் அங்கேயே இருக்கும், உங்கள் திட்டம் முடிந்த பிறகும் நடக்கும். தனியாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

தடைகள் எல்லாம் சின்னச் சின்னவை, ஆனால் வரிசையாக வரும். சந்தா, பஸ் கட்டணம், ஷூ, பிறப்புச் சான்றிதழ். கிளப்பில் முறையாகப் பதிவு செய்து போட்டிகளில் ஆட வேண்டுமென்றால் விளையாட்டு அமைப்புகளின் விதி குறுக்கே வரும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நாடு விட்டு நாடு வந்து பதிவதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி 19 பொதுவாகத் தடுக்கிறது. பிள்ளைகளை விற்று வாங்கும் வியாபாரத்தைத் தடுக்கத்தான் அது. மனிதாபிமானக் காரணங்களால் தப்பி வந்தவர்களுக்கு விதிவிலக்கும் உண்டு. ஆனால் அந்த விதிவிலக்கைக் கேட்டு விண்ணப்பம் போட ஒருவர் உட்கார வேண்டும். அகதிப் பிள்ளையின் அப்பாவால் அது முடியாது, கிளப் செயலாளருக்கு நேரம் இருக்காது. உங்கள் குழு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் இந்தக் காகித வேலையாகவே இருக்கலாம்.

ஒரு பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். மூன்று நான்கு பேராகச் சேர்த்து, முதல் சில வாரம் கூடவே ஒருவர் போய் வர வேண்டும். தனியாகப் போன பிள்ளை உடை மாற்றும் அறையில் ஒரு கேலியைக் கேட்டுவிட்டு, வீட்டில் "கால் வலிக்குது" என்று சொல்லி நின்றுவிடும். கிளப் கோச்சிடம் முன்கூட்டியே பேசி வைப்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இடைப்பட்ட வடிவம் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் அட்லாண்டா அருகே கிளார்க்ஸ்டனில், ஜோர்டானிலிருந்து வந்த லூமா முஃப்லே 2004-ல் அகதிச் சிறுவர்களுக்கென்றே ஒரு கால்பந்து அணி தொடங்கினார். அகதிகள் மட்டும் உள்ள அணி, ஆனால் ஆடியது உள்ளூர் அணிகளோடு. ஆட்டத்தோடு படிப்பையும் கட்டாயமாகச் சேர்த்தார். பின்னாளில் அது பள்ளிக்கூடமாகவே வளர்ந்தது. தங்களுக்குள் ஒரு பலத்தைச் சேர்த்துக்கொண்டு வெளியே போய் ஆடும் இந்த வடிவம், கேலி அதிகம் உள்ள ஊர்களில் நேரடி கிளப் சேர்க்கையைவிடப் பாதுகாப்பானது.

திறமையைத் தேடும் வழி

2016 ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணி என்று முதன்முறையாகப் 10 பேர் நடந்தார்கள். அதில் ஐந்து பேர் கென்யாவின் ககுமா முகாமிலிருந்து வந்த தெற்கு சூடான் ஓட்டக்காரர்கள். டோக்கியோவில் 29, 2024 பாரிஸில் 37. பாரிஸில் குத்துச்சண்டையில் சிண்டி எங்காம்பா வாங்கிய வெண்கலம் அந்த அணியின் முதல் பதக்கம். அவரோடு கொடி பிடித்துச் சென்ற யஹ்யா அல் கொத்தானி, ஜோர்டானின் அஸ்ரக் முகாமில் டேக்வாண்டோ கற்றவர்.

இதைப் பார்க்கும் பிள்ளைக்கு உள்ளே ஏதோ எரியும், அது நல்லதுதான். ஆனால் 12 கோடிப் பேருக்கு 37 இடம். மனநலத் திட்டமாக இதை எடுக்க முடியாது. போதாதற்கு, 'வெளிநாட்டு கிளப்பில் ட்ரையல்ஸ்' என்று சொல்லிக் குடும்பத்திடம் பணம் பறிக்கும் ஏஜென்ட்கள் கால்பந்து உலகத்தில் பழைய நோய். திறமையுள்ள பிள்ளை வந்தால் நம்பகமான பயிற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள், அதற்கு மேல் இதற்கென்று பணம் ஒதுக்க வேண்டாம். அஸ்ரக் மையத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. அந்த மையம் வருடக்கணக்கில் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. ஒலிம்பிக் போகாத பிள்ளைகளுக்கும் அதில் பெல்ட் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

பெண் பிள்ளைகள்

மேலே சொன்ன எந்த வழியை எடுத்தாலும், தனியாகத் திட்டமிடாவிட்டால் பெண்கள் வர மாட்டார்கள். காரணத்தைப் 'பண்பாடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சோம்பேறித்தனம். கேட்டுப் பார்த்தால் வரும் பதில்கள் ரொம்ப நடைமுறையானவை: போகும் வழியில் வெளிச்சம் இல்லை. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அந்த நாட்களில் நாப்கின் இல்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. சுற்றி நின்று ஆண்கள் பார்க்கிறார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று ஒரு மூலையில் பாய் விரித்தாலே வருகை கூடும். பெண் பயிற்சியாளர் வேண்டும், இதில் பேரம் இல்லை. தலையை மூடிக்கொண்டு ஆடக் கூடாது என்று யாராவது சொன்னால், கால்பந்து விதிகளே 2014 முதல் அதை அனுமதிக்கின்றன என்று சொல்லலாம். பெற்றோரில் சம்மதிக்க வேண்டியது பெரும்பாலும் அம்மா இல்லை. அப்பாவோடும் அண்ணனோடும் பேச நேரம் ஒதுக்குங்கள்.

விளையாட்டிலும் கால்பந்தைத் தாண்டி யோசிக்க இடம் இருக்கிறது. டேக்வாண்டோ போன்ற தற்காப்புக் கலைகளுக்குச் சின்ன அறை போதும், ஒவ்வொருவரும் தன் வேகத்தில் முன்னேறலாம், பெஞ்சில் உட்கார வேண்டியவர் யாருமில்லை. வாலிபாலில் நடுவில் வலை இருப்பதால் உடல் மோதல் இல்லை. ஓட்டத்துக்குச் செலவே இல்லை, ஆனால் பாதுகாப்பான பாதை இல்லாத இடத்தில் பெண்களுக்கு அது கிட்டத்தட்ட இல்லாத விளையாட்டு.

எதை எடுப்பது

என் தேர்வு மூன்றாவது வழி: வழிநடத்தும் குழு விளையாட்டு. அதைத் தண்டாக வைத்து, அதே இடத்தை மற்ற நேரங்களில் மேற்பார்வையோடு திறந்து விடுவது. குலுவில் பார்த்த கெடுதலுக்கு இதில் இடம் குறைவு. ஜோர்டானில் பார்த்த பலனுக்கு இதுதான் நெருக்கமானது. மொழி தெரியாத பிள்ளை, ஓடத் தெரியாத பிள்ளை, சின்னது எல்லாமே உள்ளே வர முடிகிறது.

ஆனால் நிலைமை மாறினால் தேர்வும் மாறும். வந்து சேர்ந்து சில வாரமே ஆகியிருந்தால், குடும்பங்கள் இன்னும் கூடாரத்துக்கும் அட்டைக்கும் அலைந்துகொண்டிருந்தால், திறந்த மைதானமும் அங்கே நிற்கும் இரண்டு நிதானமான பெரியவர்களுமே போதும். ஒரு வருடத்துக்கு மேல் ஆகி, பெரிய பையன்கள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் லீக் வேண்டும், மேலே சொன்ன விதிகளோடு. குழு விளையாட்டில் பழகியவர்களையே அந்த லீக்குக்கு ரெஃப்ரியாகவும் சின்னவர்களுக்கு உதவிக் கோச்சாகவும் போட்டுவிட்டால், அவர்களைத் தக்கவைக்கும் சிக்கலுக்கும் பதில் கிடைக்கிறது. குடும்பங்கள் நகரத்தில் இருந்தால், ஊருக்குத் திரும்பும் வாய்ப்பு பக்கத்தில் இல்லையென்றால், உள்ளூர் கிளப் வழிக்கே முழுப் பலத்தையும் கொடுங்கள்.

பணத்தைப் பெரும்பாலும் ஆளுக்குச் செலவழியுங்கள். இடம்பெயர்ந்து வந்தவர்களிலேயே இருபதுகளில் உள்ள ஆண்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். சேவை மனப்பான்மை என்று சொல்லி இலவசமாக வேலை வாங்கினால், கூலி வேலை கிடைத்த அன்றைக்கு அவர் போய்விடுவார், போகவும் வேண்டும். பட்ஜெட் பாதியானால் முதலில் வெட்ட வேண்டியது டோர்னமென்ட், அடுத்து ஜெர்சி. கோச்சின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

பிள்ளைகளோடு வேலை செய்யும் யாரையும் விசாரிக்காமல் சேர்க்காதீர்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலை வரக் கூடாது. புகார் சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும். விளையாட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிமுறைகள் 2014 முதல் இருக்கின்றன, எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அகதிகள் முகமையும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் டெர் டெஸ் ஓம் என்ற குழந்தைகள் நல அமைப்பும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட 'பாதுகாப்புக்காக விளையாட்டு' கையேட்டில் வகுப்புத் திட்டங்களே இருக்கின்றன.

எவ்வளவு காலம் நடத்த முடியும் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். வாரம் ஐந்து நாள் என்று ஆறு மாதம் ஓடிவிட்டு நிற்பதைவிட, வாரம் ஒரு நாள் என்று இரண்டு வருடம் ஓடுவது நல்லது. இந்தப் பிள்ளைகளிடமிருந்து ஆட்கள் சொல்லாமல் போவது ஏற்கெனவே நிறைய நடந்திருக்கிறது. மூன்று மாதத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதல் நாளே அதைச் சொல்லி, கடைசி நாளைக் கொண்டாட்டமாக வைத்து முடியுங்கள்.

பலனை அளக்க நீண்ட கேள்வித்தாள் எதுவும் ஆரம்பத்தில் தேவையில்லை. வருகைப் பதிவேடு ஒன்று போதும், ஆனால் அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று கூட்டாமல், முதல் வாரம் வந்து நாலாவது வாரம் காணாமல் போன பெயர்களைத் தனியாக எழுதுங்கள். அதில் பெண்கள் எத்தனை, சிறுபான்மை மொழி பேசுபவர்கள் எத்தனை, உடல் குறைபாடு உள்ளவர்கள் எத்தனை என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். அடுத்த மாதம் எதை மாற்ற வேண்டும் என்பது அந்தப் பதில்களில் இருக்கும்.